பீடித்தட்டும் சுகாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொசுப்புழு இருக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவேன். திண்ணையிலோ நடுவீட்டிலோ நான்கைந்து பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். டெங்குவைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கிளம்பும்போதுதான் அவர்களுடைய கேள்வி வரும். "சார், ஒரு சந்தேகம்..." இருமல், முதுகுவலி, பாஸ்புக், பிள்ளை, கடைக்காரர் என்று ஊர் மாறினாலும் கேள்வி மாறாது. கேட்டவர்கள் வாயால் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பீடியல்லாத சிறு பட்டறைகளைப் பற்றியும் சில உண்டு.

பீடி சுத்துறது எங்க வீட்டுக்குள்ள. இதுல சுகாதாரத் துறைக்கு என்ன சார் வேலை?

நேர்மையாகச் சொன்னால், என் பணிக்காலம் முழுக்க இதற்கென்று ஒரு படிவமோ பதிவேடோ என் கையில் இருந்ததில்லை. பீடித் தொழில் தொழிலாளர் துறையின் கணக்கு. காய்ச்சல், தண்ணீர், சாக்கடை எங்கள் கணக்கு. தொழிலாளர் துறை ஆள் பீடிக்கடையோடு திரும்பிவிடுவார், நான் தண்ணீர்த் தொட்டியோடு திரும்பிவிடுவேன். நடுவில் சுளகோடு உட்கார்ந்திருப்பவர் இருவர் கண்ணுக்கும் தப்பிவிடுவார்.

ஆனால் புகையிலைத் தூள் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ஒரே அறைதான் சமையலுக்கும் படுக்கைக்கும் பீடிக்கும். தூள் டப்பா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். நனைத்த இலையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்த மூலையில்தான் தொட்டில் கட்டியிருக்கும். தொழிற்சாலையில் இருந்தால் பணியிடத் தூசி என்று பெயர் பெறும் ஒன்று, இங்கே வீட்டுக் காற்றாகிவிடுகிறது. அப்படியானால் அது பொதுச் சுகாதார விஷயம்தான். யார் வந்து பார்ப்பது என்பதில்தான் குழப்பம்.

வீட்டுக்குள்ள வந்து சோதனை போட யாருக்காவது அதிகாரம் இருக்கா? திடீர்னு வந்து நிப்பாங்களா?

பயப்பட வேண்டாம், வரமாட்டார்கள். பிரச்சினையே அதுதான். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இடத்தை இரண்டாகப் பிரித்தது. முதலாளி நடத்தும் தொழிற்கூடத்துக்கு உரிமம் வேண்டும். அங்கே சுத்தம், காற்றோட்டம், நெரிசல், குடிநீர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. குடியிருக்கும் வீடு அந்தத் 'தொழிற்கூடம்' என்ற சொல்லுக்குள் வராது என்று சட்டமே விலக்கி வைத்தது. ஆக, கூடத்தில் உட்கார்ந்து சுற்றினால் சன்னலுக்குச் சட்டம் உண்டு, வீட்டில் சுற்றினால் கிடையாது. கூடங்களை மூடிவிட்டு வேலையை வீடுகளுக்குத் தள்ளிவிட்டவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. நியூயார்க்கில் நெரிசலான குடியிருப்புகளில் குடும்பம் குடும்பமாகச் சுருட்டு சுற்றினார்கள். அதைத் தடைசெய்து 1884-இல் சட்டம் வந்தது. மறுவருடமே நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒருவன் தன் வீட்டில் தன் தொழிலைச் செய்யும் உரிமையில் அரசு கைவைக்கிறது என்பது காரணம். வீட்டு வாசல் என்று வந்தால் எந்த ஊர் அரசும் தயங்கத்தான் செய்கிறது. ஒரு வகையில் அது நல்லதும்கூட. உங்கள் அடுப்படியில் அதிகாரி நிற்பதை நான் ஆதரிக்கவில்லை.

அப்படின்னா எங்க உடம்புக்கு முதலாளி பொறுப்பே இல்லையா?

பொறுப்பு உண்டு. சட்டம் வீட்டை விலக்கியது, வீட்டில் சுற்றுபவரை விலக்கவில்லை. முதலாளியோ ஒப்பந்தக்காரரோ இலையும் தூளும் கொடுத்து, வீட்டில் வைத்துச் சுற்றித் தருபவரும் ஊழியர்தான் என்று அதே 1966 சட்டம் சொன்னது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வீட்டில் சுற்றுபவர்களுக்கு பி.எஃப். கிடையாது என்று இன்னொரு வழக்கு நடந்தது. 1985-இல் அதையும் தள்ளி, அவர்களுக்கும் உண்டு என்றது.

கூடத்தில் இருப்பவரை ஆய்வாளர் போய்ப் பார்த்துவிடலாம். வீட்டில் இருப்பவர் அரசுக்குத் தெரிவது தாளில் மட்டும்தான். அந்தத் தாள்தான் வாங்கிய இலையும் கொடுத்த பீடியும் கணக்கெழுதும் உங்கள் பாஸ்புக், கடைக்காரரின் பேரேடு, பி.எஃப். எண், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. இங்கிலாந்தில் 1901-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதைச் சரியாகப் பிடித்தது. அரசு குறிப்பிட்ட தொழில்களில் வீட்டுக்கு வேலை கொடுத்தனுப்பும் ஒவ்வொரு முதலாளியும், வாங்கிப்போனவர்களின் பெயரையும் முகவரியையும் வருடத்துக்கு இரண்டு முறை உள்ளூர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. தொற்றுநோய் உள்ள வீட்டில் தைத்த துணி கடைக்கு வந்துவிடுமே என்ற பயம் அவர்களுக்கு. வாங்குகிறவரைக் காப்பாற்றத்தான் போட்டார்கள், ஆனாலும் சுகாதார அலுவலர் கைக்கு ஒரு பட்டியல் கிடைத்தது. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) ஊரில் யார் யார் பீடி சுற்றுகிறார்கள் என்ற பட்டியலை நான் பார்த்ததே இல்லை.

பாஸ்புக் மாமியார் பேருல இருக்கு. நானும் ஓரகத்தியும் சேந்து சுத்திக் கொடுக்கோம். அதுல என்ன தப்பு?

தப்பு உங்களிடம் இல்லை. ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. மாமியாருக்குக் கண் மங்கி, சுற்றுவதை விட்டு ஆறேழு வருடம் ஆகிவிட்டது. பாஸ்புக்கில் மட்டும் அவர் தினமும் ஆயிரம் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மூத்த மருமகளுக்கு மூச்சிரைப்பு. பெரிய மருத்துவமனையில் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டதற்கு "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றிருக்கிறார். சீட்டில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து வருடம் தூளோடு உட்கார்ந்திருந்ததற்கு எங்கேயும் ஒரு வரி சாட்சி இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கையில் சுளகு, காலடியில் வெட்டின இலை, கேட்டால் 'சும்மா இருக்கேன்'. தனிப் பாஸ்புக் கேளுங்கள். கடையில் "இடமில்லை" என்பார்கள், திரும்பவும் கேளுங்கள். அது கிடைக்கும்வரை, மருத்துவமனையில் தொழில் என்ன என்று கேட்டால் 'பீடி சுற்றுகிறேன், இத்தனை வருடமாக' என்று சொல்லி, சீட்டில் எழுத வையுங்கள்.

கடைக்காரர் இலையையும் தூளையும் எங்களுக்கு 'வித்துட்டதா' எழுதுறாரு. பீடியை 'வாங்கிக்கிட்டதா' எழுதுறாரு. ஏன் அப்படி?

நீங்கள் ஊழியர் இல்லை, வியாபாரி என்று காட்டத்தான். பழைய தந்திரம் இது. தன் வீட்டில் தன் குடும்பத்தோடு சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்குத் தான் பொருந்தாது என்று 1966 சட்டம் சொன்னது. ஆனால் அவர் வேறொரு முதலாளியின் ஊழியராக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அந்த ஓட்டைக்குள் உங்களைத் தள்ளப் பார்க்கிறார்கள். ஊழியர் என்பதற்குச் சட்டம் கொடுத்த விளக்கத்திலோ, வேலைக்கு அமர்த்தப்படாவிட்டாலும் முதலாளியின் அனுமதியோடு அல்லது அவரோடு செய்த உடன்பாட்டின்படி சுற்றுபவரும் அடக்கம்.

சோதனை எளிது. நீங்கள் சுற்றிய பீடியை வேறு எந்தக் கடையிலாவது விற்க முடியுமா? கழிவு என்று ஒதுக்குவது யார்? இத்தனை கிராம் தூளில் இத்தனை பீடி வரவேண்டும் என்று கணக்குச் சொல்வது யார்? வியாபாரியிடம் யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை. அந்தச் சீட்டுகளைக் கிழித்துப்போடாமல் வையுங்கள்.

நாங்க யாரும் பீடி குடிக்கிறது இல்ல. சும்மா சுத்துறதுக்கு உடம்புக்கு என்ன ஆவும்?

நிகோடின் உடம்புக்குள் போகப் புகைதான் வேண்டும் என்பதில்லை. அது தண்ணீரில் கரையும், தோல் வழியாக உள்ளே போகும். இலை ஈரம், விரல் ஈரம், அதன்மேல் தூள். மூக்கு வழியாகப் போவது தனி. புகைக்கும் பழக்கமே இல்லாத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரைச் சோதித்த ஆய்வுகளில், நிகோடின் உடைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருள் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

புதிதாகச் சுற்றப் பழகும் பெண்கள் முதல் சில வாரங்களில் தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்பார்கள். "பழகினா போயிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். போவது உணர்வுதான், நிகோடின் போய்க்கொண்டேதான் இருக்கும். பல வருடம் கழித்து வருவது வறட்டு இருமல், இரைப்பு, கண் எரிச்சல், விரல் நுனித் தோல் தடித்து வெடிப்பது. குனிந்த கழுத்தும் மடக்கிய காலுமாக ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணிநேரம் உட்காருவதால் கழுத்து, இடுப்பு, முழங்கால் வலி எல்லோருக்கும் உண்டு. என்னிடம் வந்த கேள்விகளில் பாதி இடுப்பு வலிதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் பிரஷர், சுகரோடு நிறுத்தாமல் இடுப்பு வலியையும் சொல்லுங்கள்.

பீடி சுத்துனா டிபி வரும்னு சொல்றாங்களே, நெசமா?

டிபி கிருமியால் வருவது, தூளால் வராது. காற்றோட்டம் இல்லாத ஒரே அறையில் நாலு பேர் நாள்முழுக்க நெருங்கி உட்கார்ந்து, அதில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்களுக்குப் பரவ வழி அதிகம். சாப்பாடும் சரியில்லை என்றால் இன்னும் சுலபம். ஆபத்து எங்கே என்றால், பீடி சுற்றுகிறவர் எந்த இருமலையும் 'தூள் இருமல்' என்று ஒதுக்கிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், சளியில் ரத்தம் வந்தால், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால், தூளைக் குறை சொல்லிக்கொண்டு உட்காராமல் சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். அரசு நிலையங்களில் அது இலவசம்.

உறுதியானால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாத மருந்து. 2012 முதல் டிபி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவரும் பதிவு செய்தாக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். 'கடையில் தெரிந்தால் இலை தரமாட்டார்கள்' என்று மறைத்து, மூன்றாம் மாதமே மருந்தை நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு மறுபடி வந்தது மருந்துக்குக் கட்டுப்படாத வகை.

கைப்பிள்ளை இருக்கு. பால் கொடுத்துக்கிட்டே சுத்தலாமா?

பாலை நிறுத்தாதீர்கள். நிகோடின் கொஞ்சம் பாலில் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் தாய்ப்பாலை நிறுத்துவதால் வரும் கேடு அதைவிடப் பெரிது. குறைக்க வழி இருக்கிறது. எழுந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்கள். மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சுற்றி, பிள்ளையைத் தூக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். தொட்டிலை வேறு மூலைக்கு மாற்றுங்கள். மடியில் சுளகு இருக்கும்போது பிள்ளை மடியில் வேண்டாம். கையில் அகப்பட்டதை வாயில் போடும் வயதில் தூளை விழுங்கி வாந்தியெடுத்து, மயங்கிப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

கர்ப்ப காலத்தில் இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் தாய்மார்களின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'குறைத்துக்கொண்டால் கஞ்சிக்கு என்ன வழி' என்பீர்கள். மகப்பேறு நலச் சட்டம் வீட்டில் சுற்றுபவர்களுக்கும் பொருந்தும் என்று 1966 சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்தப் பணத்தைக் கையில் வாங்கிய ஒருவரைக்கூட என் வட்டாரத்தில் நான் சந்தித்ததில்லை. கிடைக்கிற ஒன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. அதற்குச் சீக்கிரமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

மாஸ்க்கும் கையுறையும் போட்டா போதுமா?

இதைச் சொல்லித்தான் ஆரம்பத்தில் நானும் திட்டு வாங்கினேன். ஒரு அக்கா கையுறையை மாட்டி என் முன்னால் ஒரு பீடி சுற்றிக் காட்டினார். தகடு வைத்துக் கத்தரித்த இலையில் தூளைப் பரப்பி உருட்டி, நுனியைக் குச்சியால் மடக்க வேண்டும். கையுறைக்குள் விரலுக்கு இலையின் ஓரமே தட்டுப்படவில்லை. பீடி பிரிந்து தூள் அவர் மடியில் கொட்டியது. "இதுக்கு செக்கர் கழிவு போட்டா நீங்க காசு கொடுப்பீங்களா சார்?" என்றார். கடையில் பீடியைத் தரம் பார்த்து ஒதுக்குபவர்தான் செக்கர். அதோடு கையுறைப் பேச்சை விட்டேன்.

நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். தூளைக் கொட்டுவது, சலிப்பது, உதறுவதுதான் அதிகம் பறக்கும் நேரம். அந்தப் பத்து நிமிடம் மட்டும் வெளியே வந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து, மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். நாள்முழுக்க மாஸ்க் போட முடியாது, அந்தப் பத்து நிமிடம் முடியும். தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் தூள் வீடெல்லாம் போகும், திண்ணை உத்தமம். வீட்டைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தூள் டப்பாவுக்கு மூடி போட்டு அடுப்படியைவிட்டு வெளியே வையுங்கள். பீடிச் சுளகில் அரிசி புடைக்காதீர்கள். இருநூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கை கழுவாமல் வெற்றிலை போடுவதை மட்டும் எப்படி நிறுத்துவது என்று எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

ஸ்கூல் விட்டு வந்து பொண்ணு கொஞ்சம் நூல் கட்டிக் கொடுக்கா. அதுவும் குத்தமா?

14 வயதுக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டப் பட்டியலிலேயே பீடி சுற்றுவது இருந்தது. குடும்பத்தோடு செய்யும் இடத்துக்கு மட்டும் அப்போது விலக்கு. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்பது அபாயமில்லாத தொழிலுக்கு மட்டும்தான், பீடி அதில் சேராது.

சட்டத்தை விடுங்கள். பிள்ளையின் தோல் மெல்லியது, எடை குறைவு. உங்களுக்குத் தலைசுற்றாத அளவு அவளுக்குச் சுற்றும். அப்புறம் 'கொஞ்சம் நூல்' என்று ஆரம்பிப்பது, சனிக்கிழமை கணக்கு முடிக்கிற அவசரத்தில் ஐந்நூறு பீடி ஆவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

'பீடி ஆஸ்பத்திரி'க்குப் போகவா, பி.எச்.சி.க்குப் போகவா?

இரண்டுக்கும் போகலாம். 1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிமேல் ஒரு சிறு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் மருந்தகம், மருத்துவமனை, பிள்ளைகளுக்கு உதவித்தொகை நடந்தது. முக்கூடலில் இருக்கும் மருத்துவமனை அந்த வகைதான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் தீர்வையை எடுத்துவிட்டார்கள். இப்போது பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான் வருமானம். தனி நிதி என்ற பிடிமானம் போனது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

அங்கே பீடித் தொழிலாளர் அட்டை வேண்டும். பாஸ்புக் யார் பெயரில் என்ற கேள்வி மறுபடியும் இங்கேதான் வந்து நிற்கும். பி.எச்.சி.யில் அட்டை வேண்டாம், ஆனால் தொழிலை நீங்களாகச் சொன்னால்தான் எழுதுவார்கள்.

நாலஞ்சு பேரு வேலை பாக்கிற பட்டறை. ஃபேக்டரி இல்லைன்னா சட்டமே கிடையாதா?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 2025-இல் நடப்புக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 20, 40 என்று இரட்டிப்பாக்கிவிட்டது. பதினைந்து பேர் மோட்டார் வைத்து வேலை பார்க்கும் இடம் ஒரே நாளில் தொழிற்சாலை இல்லாமல் போனது. உயிருக்கு ஆபத்தான வேலை என்று ஒன்றிய அரசு அறிவிக்கும் இடங்களுக்கு ஆள் கணக்குப் பார்க்காமல் தொகுப்புச் சட்டம் பொருந்தும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அறிவித்தால்தான் பொருந்தும்.

நாலு பேர் பட்டறைக்கு மிஞ்சுவது உள்ளாட்சியின் தொழில் உரிமமும் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும். மதராஸ் மாகாணத்துச் சட்டம் அது, இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்றோட்டமில்லாமல், புகையும் தூசியும் தேங்கும்படி, நெரிசலாக இருக்கும் பட்டறையைப் பொதுத் தொல்லையாகக் கருதி, சரிசெய்யச் சொல்லி அறிவிப்பு கொடுக்க அதில் வழி உண்டு. அதில் தலைகளை எண்ண வேண்டியதில்லை. கடைசியாக அதை எடுத்துப் படித்த அலுவலர் யார் என்று கேட்காதீர்கள்.

எங்க பக்கத்து வீட்டுல வெள்ளிக் கொலுசு பட்டறை. ஊதுற புகை எங்க வீட்டுக்குள்ள வருது. வேலை பாக்கிற பையன் பத்தி யாரும் கேக்கிறதில்ல.

சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது கேட்டார்கள். கொலுசின் கண்ணிகளைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும்போது, அந்தப் பொடியில் காட்மியம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரியில். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் ஊதுகுழல் பட்டதும் அது புகையாக எழும். மூடிய அறையில் அதிகமாக இழுத்துவிட்டால் அன்று சாயங்காலம்வரை ஒன்றும் தெரியாது. ராத்திரி காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் என்று ஆரம்பிக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்தால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலிலும் அது இருக்கிறது.

காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்தது. உருகக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும், அதனால் கைக்குப் பழகாது என்பார்கள். பட்டறைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைப் பேசிப் பாருங்கள், புகையை முதலில் இழுப்பவர் அவர்தான். நடக்கவில்லை என்றால் மாநகராட்சி சுகாதார அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 'வாடை வருகிறது' என்று எழுதாமல், எந்த நேரம், என்ன வேலை, புகை எந்த வழியாக வருகிறது, உள்ளே எத்தனை பேர் என்று எழுதுங்கள். அந்தப் பையனுடைய மூச்சைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்.

2025-ல புதுச் சட்டம் வந்து பழசெல்லாம் போச்சுங்காங்களே?

ஆமாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. 1966 பீடிச் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. இடைக்காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்றும் சொன்னார்கள். 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்பது அறிவிப்பில் இருந்த நல்ல விஷயம். தொழிற்கூடத்துக்கு உரிமம், குடியிருப்பு வீட்டுக்கு விலக்கு என்ற அடிப்படைப் பிரிவினை மாறவில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்னது இன்றும் அப்படியே. ஆய்வாளர் என்ற பெயரோடு வழிகாட்டுபவர் என்ற பொருளில் ஒரு சொல் சேர்ந்திருக்கிறது. எங்கே போய்ப் பார்ப்பது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். கணினியில் உங்கள் வீடு இருந்தால்தானே சீட்டு விழும்?

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 'வீட்டிலிருந்து வேலை செய்பவர்' என்பதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. முதலாளிக்காகத் தன் வீட்டில் கூலிக்குப் பொருள் செய்பவர், கருவியும் மூலப்பொருளும் யார் கொடுத்தாலும் சரி. 'விற்று வாங்கும்' கடைக்காரருக்குப் பதில் சொல்ல இது உதவும்.

பீடி கெடுதல்னு படம் போடுறதும் கவர்மெண்டு, எங்களைக் காப்பாத்துறதும் கவர்மெண்டா? ரெண்டும் எப்படிச் சேரும்?

இதைக் கேட்ட பாட்டிக்கு அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். இந்தியா 2004-இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, புகையிலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் தேடச் சொல்கிறது. 18-ஆவது பிரிவு, அதை விளைவிப்பவர், தயாரிப்பவர் உடல்நலத்தைக் காக்கச் சொல்கிறது. பாக்கெட்டில் படம் போடுவதும் நீங்கள் கேட்கும் மருந்தகமும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்டவை. படம் வந்துவிட்டது. வீட்டில் செய்யும் வேலைக்கென்றே 1996-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 177-ஆவது உடன்படிக்கையில் மட்டும் இந்தியா கையெழுத்துப் போடவில்லை.

புகார் கொடுத்தா மறுநாள் இலை கொடுக்க மாட்டாங்க. அதுக்கு வழி சொல்லுங்க.

தனியாகக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லி உங்களை மாட்டிவிட மாட்டேன். சங்கம் இருக்கும் ஊரில் சங்கத்தின் பெயரில் போகட்டும். இல்லாத ஊரில் ஒரு தெருவே சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். கூலி, கழிவுத் தகராறோடு உடல்நல விஷயத்தைக் கலக்காதீர்கள். 'எங்கள் தெருவில் இத்தனை பேர் பீடி சுற்றுகிறோம், நெஞ்சுப் பரிசோதனை முகாம் வேண்டும்' என்று வட்டார மருத்துவ அலுவலருக்குக் கொடுக்கும் மனுவில் கடைக்காரர் கோபப்பட எதுவுமில்லை. அதில் இருக்கும் பெயர்ப் பட்டியலோ நான் இத்தனை வருடம் பார்க்காத அந்தப் பட்டியல்.

நீங்க ரிட்டயர்ட் ஆயிட்டீங்க. இனி யாருகிட்ட, என்னத்தை எடுத்துக்கிட்டுப் போகணும்?

கிராம சுகாதார செவிலியர், வீட்டுக்கு வரும் தன்னார்வலர், பி.எச்.சி. மருத்துவர் என்ற வரிசையில் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்துக் கேட்கலாம். கூலி, பாஸ்புக் விஷயத்துக்குத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகம்.

எடுத்துப்போக வேண்டியது: பாஸ்புக், அடையாள அட்டை இருந்தால் அது, பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. பாஸ்புக்கைக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு. அங்கெல்லாம் வரவு வைத்துத் தரும்போதே முதல் பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஈரக் கையோடு தொடவேண்டாம், மை கலைந்துவிடும்.